டீஃப்ராக் இன்னும் தேவையா? விண்டோஸ், லினக்ஸ், மேக்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

கும்பகோணம், கணினி பழுது பார்ப்பவர்

"மெஷின் ரொம்ப மெதுவாகிவிட்டது, டீஃப்ராக் போட்டுக் கொடுங்கள்" என்று வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை. டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்குவதுதான் டீஃப்ராக். உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியா என்றுதான் முதலில் கேட்பேன். விண்டோஸா லினக்ஸா என்பது அடுத்த கேள்வி. பலர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

ஆவணி முகூர்த்த நெருக்கடியில் ஒரு அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கணினி, விண்டோஸ் 7, ஹார்டு டிஸ்க். ஒரு பத்திரிகைக் கோப்பைத் திறந்தால் டிஸ்க் கரகரவென்று உருட்டிக்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் தட்டு ஒருமுறை சுற்ற 8 மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. வேண்டிய துண்டு, தட்டைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம். தலை நகர்வதற்கு ஆகும் நேரம் தனி. ஒரே கோப்பு நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு.

விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் இந்த வேலையை வாரம் ஒருமுறை தானாகச் செய்துகொள்கிறது. விண்டோஸ் 7இல் அதற்குக் குறித்திருக்கும் நேரம் புதன்கிழமை அதிகாலை 1 மணி. அச்சகத்திலோ இரவு பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறார்கள். கடைசியாக ஓடிய நாள் என்ன என்று பார்த்தால், ஒருமுறைகூட ஓடவில்லை என்று காட்டியது. டிஸ்க்கும் கழுத்துவரை நிரம்பியிருந்தது. 15 சதவீதமாவது காலி இடம் இருந்தால்தான் துண்டுகளை நகர்த்தி ஒழுங்காக அடுக்க முடியும். பழைய வேலைகளை வெளி டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, யுபிஎஸ்ஸை நம்பி இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் அதே கோப்பு சட்டென்று திறந்துகொண்டது. இந்த மாதிரி இடத்தில் டீஃப்ராக் உண்மையாகவே பலன் தரும்.

மன்னார்குடி, கல்லூரி ஆசிரியை

அண்ணா, லினக்ஸ் பக்கத்தை நான் சொல்கிறேன். 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸ் வகையும் இருந்தது. "மிஸ், இதில் டீஃப்ராக் பட்டன் எங்கே?" என்று மாணவிகள் கேட்பார்கள். இல்லாததைக் குறை என்றே நினைத்தார்கள்.

பிறகு அவற்றில் சிலவற்றில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டோம். அதன் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு), வந்த தரவை உடனே கிடைத்த சந்தில் திணிப்பதில்லை. சற்றுப் பொறுத்து, மொத்த அளவு தெரிந்தபின் தொடர்ச்சியான இடம் பார்த்து எழுதுகிறது. நாற்றை இடைவெளி விட்டு நடுவதுபோல, கோப்புகள் பின்னால் வளரவும் இடம் விட்டு வைக்கிறது. பழைய விண்டோஸ் கணினிகளில் இருந்த ஃபேட் முறையில் இந்தப் பக்குவம் கிடையாது.

வகுப்பிலேயே 'ஈ4டீஃப்ராக்' கட்டளையைச் சோதிக்க மட்டும் சொல்லி ஓட்டிக் காட்டினேன். அது ஒரு மதிப்பெண் தரும்: 30 வரை கவலையில்லை, 31 முதல் 55 வரை கொஞ்சம் சிதறல், 56க்கு மேல் சரிசெய்ய வேண்டும். வருடக்கணக்கில் புழங்கிய மெஷினில் வந்த மதிப்பெண் 0. பிள்ளைகள் நம்பாமல் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். டிஸ்க் கிட்டத்தட்ட நிறைந்து, பெரிய கோப்புகளை ஓயாமல் எழுதி அழிக்கும் கணினியாக இருந்தால் லினக்ஸிலும் சிதறல் வரும். வீட்டுப் பயன்பாட்டில் நான் பார்த்ததில்லை.

தஞ்சாவூர், ஆல்பம் வடிவமைப்பாளர்

மேக்கில் டீஃப்ராக் வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் காலத்தில் அது பெருமளவு சரி. 2003இல் வந்த 10.3 பதிப்பிலிருந்து, 20 எம்பிக்குக் குறைவான கோப்பு சிதறியிருந்தால் திறக்கும்போதே மேக் அதை ஒன்றாக்கி எழுதிவிடும். ஆனால் என் ஐமேக்கில் இருந்தது ஹார்டு டிஸ்க். 2018இல் மொஹாவி பதிப்புக்கு மாறியபோது அது ஏபிஎஃப்எஸ் முறைக்குப் போனது. எஸ்எஸ்டியை மனத்தில் வைத்து உருவான முறை அது. மாற்றங்களைப் பழைய இடத்தின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும். சுழலும் தட்டில் அது பெரிய பாரம். மெஷின் நகரவே மறுத்தது. வெளியே ஒரு எஸ்எஸ்டியை இணைத்து அதிலிருந்து இயக்கத் தொடங்கியபின் அந்தத் தொல்லை விட்டது.

திருவாரூர், புகைப்பட நிலையம்

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 8க்குப் பின் டீஃப்ராக் பட்டனை அழுத்தினால் எஸ்எஸ்டிக்கு முக்கியமாகப் போவது டிரிம் கட்டளைதான். 'இந்த இடங்களில் இருப்பது இனி வேண்டாம்' என்று டிஸ்க்குக்கு அறிவிக்கும் கட்டளை. உபுண்டுவிலும் வாரம் ஒருமுறை இது தானாக நடக்கிறது. வேகத்துக்கு நல்லதே. ஆனால் ஒரு வாடிக்கையாளர், வீட்டில் யாரோ அழித்துவிட்ட வளைகாப்புப் படங்களை மீட்டுத் தரச் சொல்லிக் கணினியைக் கொண்டுவந்தார். பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்திருப்பேன். எஸ்எஸ்டியில் டிரிம் முடிந்திருந்தது; ஒரு படம்கூட வரவில்லை. அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

மயிலாடுதுறை, உரக்கடை

சார், எங்கள் கடைக் கணினி டக் டக் என்று சத்தம் போடுகிறது, கணக்குக் கோப்பு திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 10. டீஃப்ராக் போடலாமா? எந்த டிஸ்க் என்று எப்படிப் பார்ப்பது?

கும்பகோணம், கணினி பழுது பார்ப்பவர்

வேண்டாம் ஐயா, கை வைக்காதீர்கள். இது சிதறலாக எனக்குத் தோன்றவில்லை. டிஸ்க்கே சாகிற அறிகுறி. டீஃப்ராக் என்பது டிஸ்க் முழுக்கப் படித்து, நகர்த்தி, திரும்ப எழுதுகிற வேலை. உயிர் ஊசலாடும் டிஸ்க்கை அது ஒரேயடியாக முடித்துவிடும். இன்றே கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். அதற்குப் பிறகு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தைக் காட்டும் மென்பொருளில், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (பழுதானதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் புது டிஸ்க்தான். வாங்குவதை எஸ்எஸ்டியாக வாங்குங்கள்.

எந்த வகை என்று தெரிய, தேடல் பெட்டியில் டீஃப்ராக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே ஹார்டு டிஸ்க்கா, சாலிட் ஸ்டேட்டா என்று எழுதியிருக்கும். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், கீழே இருக்கும் பட்டனை அழுத்த வேண்டாம். நகல் எடுத்து முடித்ததும் இங்கே சொல்லுங்கள்.