வலை போன பிறகு செபம் வரவில்லை

பாம்பனில் இருந்து எழுதுகிறேன். போன வாடைக்காற்றில் வீட்டுக்காரரின் வள்ளம் கரையில் மோதி உடைந்தது. நண்டு வலையும் போயிற்று. நகையை அடகு வைத்து எஞ்சின் மாற்றினோம், அதுவும் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது. தினமும் செபமாலை சொல்கிறேன், வாய்தான் சொல்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

தங்கச்சிமடம் அக்கா: எனக்கு ஆனது, தங்கச்சி. பைபிளில் லூக்கா நற்செய்தி 5-ம் அதிகாரத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காத மீனவர்கள் கரையில் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். வெறும் வலையை அலசும் கசப்பு நமக்குத் தெரியாதா? வாயாவது சொல்லட்டும், விடாதே.

மண்டபம் அண்ணன்: ஓரியூர் திருத்தலத்துக்குப் போய் வாம்மா. 1693-ல் மறைப்பணியாளர் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக உயிர்விட்ட அந்தச் சிவந்த மண்ணில் உட்கார்ந்து அழுதேன், அப்புறம்தான் தூக்கம் வந்தது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்: சரி அண்ணா, டேங்கைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓரியூர் போகிறோம்.