தண்ணீர் மீட்டர் விவகாரம்: டேங்க் ஆபரேட்டர் அண்ணன் மேல் தப்பில்லை

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பொங்கல் லீவு முடிந்து மஸ்கட் வந்து சேர்ந்துவிட்டேன். நம் ஊர்த் தண்ணீர் டேங்குக்கு ஏறும் தண்ணீரை அளக்க, சங்கப் பணத்தில் வாங்கிப் போட்ட மின்காந்த ஃப்ளோ மீட்டரோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். மீட்டர் கணக்கில் தண்ணீர் குறைகிறது, டேங்க் ஆபரேட்டர் அண்ணன் ராத்திரியில் லாரிக்கு விற்கிறார் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஓடியதாக அது காட்டியது பொய். லாரிக்கு யாரும் தண்ணீர் விற்கவில்லை.

இந்த மீட்டருக்குள் சுற்றுகிற சக்கரம் எதுவும் கிடையாது. காந்தப்புலத்தின் குறுக்கே தண்ணீர் ஓடினால் துளியூண்டு மின்னழுத்தம் உண்டாகும். பைப்பின் இரு பக்கமும் உள்ள எலெக்ட்ரோடுகள் (தண்ணீரைத் தொடும் உலோக முனைகள்) அதைப் பிடித்துக் கொடுக்கும். விஞ்ஞானி ஃபாரடே 1831-இல் கண்ட விதி. மறு வருஷமே அவர் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் நதியில் செப்புத் தகடுகளை இறக்கி, ஆற்றோட்டத்தில் மின்சாரம் கிடைக்கிறதா என்று பார்த்தார். சரியாக வரவில்லை. (நம் பாலாற்றில் இறக்கியிருந்தால் மணல்தான் அகப்பட்டிருக்கும்.)

மீட்டருக்குத் தெரிவது வேகம் மட்டும்தான். பைப் நிறைந்து ஓடுகிறது என்று நம்பி, அந்த வேகத்தை முழுப் பரப்பால் பெருக்கிவிடும். நம் ஊரில் மாட்டியவர்கள், டேங்க் உச்சியில் பைப் வளைந்து உள்ளே இறங்குகிற இடத்தில் மாட்டியிருந்தார்கள். அங்கே பைப் நிறையவே நிறையாது. போதாததற்கு, கீழே நின்று எண்ணைப் படிக்க வசதியாக டிஸ்பிளேயைப் பக்கவாட்டில் திருப்பியிருந்தார்கள். பக்கத்தில் இருக்கவேண்டிய எலெக்ட்ரோடுகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஆகிவிட்டன. மேலே இருப்பதன் மீது எப்போதும் காற்று.

டேங்கின் உள்விட்டம் 4 மீட்டர். வெளியே போகும் வால்வை மூடிவிட்டு நீர்மட்டம் சரியாக 1 மீட்டர் ஏறும்வரை மோட்டாரை ஓட்டினோம். கணக்குப்படி சுமார் 12,570 லிட்டர். மீட்டர் 16,900 என்றது! ஊரே ஆபரேட்டர் அண்ணனைச் சந்தேகப்பட்ட அந்த 'காணாமல் போன' தண்ணீர் இதுதான்.

ராத்திரிக் கூத்துக்குக் காரணம் வேறு. மோட்டார் நின்றதும் பைப் காலியாகிவிடும். எலெக்ட்ரோடு வறண்டு நிற்கும்போது சுற்றியிருக்கும் கரண்ட் இரைச்சலையெல்லாம் ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளும். காலி பைப்பைக் கண்டுபிடிக்கும் வசதி மீட்டரிலேயே உண்டு, யாரும் ஆன் செய்யவில்லை. நம்முடையது மின்சாரம் கடத்தாத பிவிசி பைப். தண்ணீருக்கு எர்த் கிடைக்க மீட்டரின் இரு பக்கமும் எர்த்திங் ரிங் என்ற உலோக வளையம் வேண்டும். அதுவும் போடவில்லை.

இப்போது கீழே, தண்ணீர் மேல்நோக்கி ஏறும் நேர் பைப்பில் மாற்றிவிட்டோம். மீட்டருக்கு முன்னால் பைப் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு நேர் நீளம் விட்டிருக்கிறோம். ரிங் போட்டாயிற்று. பைப்பை நிரப்பி, இரு பக்க வால்வையும் மூடி, தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு ஜீரோ செட் செய்தேன், அதாவது ஓட்டம் இல்லாத நிலை இதுதான் என்று மீட்டருக்குச் சொன்னேன். முன்பு காலி பைப்பிலேயே ஜீரோ செய்திருக்கிறார்கள், கேட்டால் சிரிப்பு வரும். மறுபடி அதே டேங்க் கணக்கு: 12,480. நான் அளந்த டேப்பிலேயே அவ்வளவு பிசகு இருக்கும். அதனால் மீட்டர் தகட்டில் பொறித்திருக்கும், ஃபேக்டரியில் சரிபார்த்துப் போட்ட அளவு எண்ணைத் தொடவில்லை. இனியும் யாரும் தொடவேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி எலெக்ட்ரோடில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மெத்தென்ற துணி போதும். கம்பி பிரஷ் போட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் லைனிங் போய்விடும். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவுநீர் நிலையத்தில் நான் அப்ரன்டிஸாக இருந்தபோது கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து வாரா வாரம் இந்த வேலை வைக்கும். நம்முடையது குடிநீர், அவ்வளவு தொல்லை இல்லை.

சித்தப்பா ஒரு நோட்டில் மாதா மாதம் டேங்க் கணக்கையும் மீட்டர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், போன மாதம் இதே குழுவில் அந்த அண்ணனைத் திருடன் என்று எழுதியவர்கள் இரண்டு பேர். பெயர் சொல்லவில்லை. அவருக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போட்டால் எடுப்பார், அதுவரை அவர் இருக்கும் மோட்டார் ரூமில் சிக்னல் இருக்காது.