மறு: ஈஈசிபி-க்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (கூடவே 'சோர்வு')

குழுவினருக்கு வணக்கம்.

ஈஈசிபி (Enhanced External Counterpulsation) என்ற நெஞ்சுவலி சிகிச்சையை நோயாளிக்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நேர் மொழிபெயர்ப்பான 'புற எதிர்த்துடிப்பு' அகராதிக்குச் சரி. திருவல்லிக்கேணிப் பெரியப்பாவிடம் சொன்னால், "என்னடா, இதயத்துக்கு எதிராவா துடிக்குது?" என்று எழுந்து வந்துவிடுவார்.

நடப்பது நேர்மாறானது. பிபி பார்க்கும் பட்டை போலப் பெரிய பட்டைகளைக் கெண்டைக்கால், கீழ்த்தொடை, மேல்தொடையோடு இடுப்பு என்று சுற்றுகிறார்கள். இதயம் தளரும் நொடியை ஈசிஜி காட்டிக்கொடுக்க, பட்டைகள் கீழிருந்து மேலாக அடுத்தடுத்து உப்பி இரத்தத்தை மேலே தள்ளும், கட்டிலே குலுங்கும். இதயம் சுருங்குவதற்குள் மூன்றும் காற்றை விட்டுவிடும். இதயத் தசைக்குப் பெரும்பாலும் இரத்தம் பாய்வது அது தளரும்போதுதான். ஆக, இது ஒத்தாசை. என் பரிந்துரை: 'கால்வழித் துணைத்துடிப்பு'. 'அழுத்த சிகிச்சை' வேண்டாம். கால் வீக்கத்துக்குப் போடும் இறுக்கக் காலுறையும் அதில் சேர்ந்துவிடும்.

பெரிய சிக்கல் வேறு. ஒரு மணி நேரம் வீதம் 35 அமர்வு, வாரம் 5 நாளாக 7 வாரம்: இதுதான் வழக்கமான கணக்கு. நெஞ்சுவலிக்காகச் செய்வதுதான், ஆனால் களைப்பு தணிந்தது, மனவாட்டமும் தெளிந்தது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. நாம் வினாத்தாளில் களைப்புக்குச் 'சோர்வு', மனவாட்டத்துக்கு 'மனச்சோர்வு' என்று எழுதினால் நோயாளி இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் தருவார். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளின் 9 கேள்விகளில் ஒன்று களைப்பைப் பற்றியதே. மாடிப்படி ஏறத் தெம்பு வந்தாலே மனச்சோர்வு மதிப்பெண் சற்று இறங்கும், மனம் அப்படியே இருந்தாலும்.

போதாக்குறைக்கு, ஏழு வாரம் ஒருவர் தினமும் "நல்லாத் தூங்கினீங்களா சார்?" என்று விசாரித்தால் யாருக்குத்தான் தெம்பு வராது! 1999இல் வெளியான மஸ்ட்-ஈஈசிபி ஆய்வில் 139 பேர். ஒப்பீட்டுக் குழுவுக்கும் பட்டை கட்டி, பலன் தராத அளவுக்குக் குறைந்த அழுத்தம் கொடுத்தார்கள். மனநிலையை அளக்கவும் அப்படியொரு குழு இல்லாமல் நான் நம்பமாட்டேன்.

'மனச்சோர்வு' வேரூன்றிவிட்டது, இனி அசைக்க முடியாது. உடலுக்கு 'அசதி' என்று பிரித்துவிடலாமா?

— கோடம்பாக்கத்திலிருந்து

—

ஐயா, வணக்கம்.

துணைத்துடிப்புக்கு என் ஓட்டு. 'அசதி'தான் இடிக்கிறது. அசதி ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். வார்டில் நான் பார்ப்பவர்கள் விடிந்ததும் பல் தேய்க்கவே உட்கார்ந்துகொள்கிறார்கள். 'ஓயாக் களைப்பு' என்று போட்டு, வினாத்தாளில் "தூங்கி எழுந்த பிறகும் களைப்பாக இருக்கிறதா?" என்றே கேட்டுவிடலாமே?

— அடையாறிலிருந்து, ஒரு செவிலியர்