கடலட்டை குடலைக் கக்கினால் செத்துவிடுமா?

வேலணைப் பெடியன்:
எங்கள் வீட்டுக்குப் பின்னால் பரவைக்கடலில் கடலட்டைப் பண்ணை இருக்கிறது. நேற்று ஒன்றைக் கையில் எடுத்தேன். பின்பக்கத்தால் குடல் முழுவதையும் வெளியே தள்ளிவிட்டது! பயந்துபோய்த் திரும்பக் கடலில் விட்டேன். அது பிழைக்குமா?

குருநகர் அண்ணை:
பெரும்பாலும் பிழைக்கும் தம்பி. ஆபத்து வந்தால் அது அப்படித்தான் செய்யும். சில கிழமைகளில் புதுக்குடல் வளர்ந்துவிடும். ஆனால் திரும்ப வளர்க்க அதற்குச் சரியான சிரமம், அதனால் சும்மா எடுத்துப் பார்க்காதே.

இன்னும் கேள். அதற்கு மூளையே இல்லை, வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம்தான். மூச்சு விடுவதும் பின்பக்கத்தால்தான்: தண்ணீரை உள்ளே இழுத்து, மரக்கிளை போலப் பிரிந்த குழாய்களில் பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. தோலை நினைத்தபடி இறுக்கும், இளக்கும். இளகினால் சின்னக் கல்லிடுக்கிலும் நுழைந்துவிடும். இவ்வளவையும் வைத்திருக்கிற உயிரைக் காயவைத்து விற்கிற சரக்காக மட்டும் பார்ப்பது எனக்குக் கவலை.

தீவகத்து ரீச்சர்:
ஓம், அண்ணை சொல்வது சரி. நட்சத்திர மீனும் இதுவும் ஒரே கூட்டம். சில இனங்களின் பின்வாசலுக்குள் ஒல்லியான மீன்கள் புகுந்து குடியிருக்கும். அதே இடத்தில் பல் உள்ள கடலட்டைகளும் உண்டு!

வேலணைப் பெடியன்:
பல்லா?! ரீச்சர், அது எதற்கு?

தீவகத்து ரீச்சர்:
அந்த மீன்களைத் தடுக்கத்தான் என்று ஒரு கருத்து இருக்கிறது. அப்புறம், அது மண்ணைத் தின்று, அதிலுள்ள அழுகலைச் செரித்துவிட்டு, சுத்தமான மண்ணைக் கழிக்கிறது. பண்ணைக்காரரிடம் கேட்டு அதையும் பார்.