நாய் குறுக்கே வந்து பைக் விழுந்தால் பொறுப்பு யாருடையது?

ஈருருளி (கேள்வி):
கட்டாமல் விட்ட நாய் ஒன்று திடீரென்று ரோட்டில் பாய்கிறது. பைக்கில் வந்தவர் அதன்மேல் மோதி விழுகிறார். அவருக்குக் காரை எலும்பு முறிவு, வண்டியின் முன்பக்கம் காலி. நாய்க்கும் கால் உடைந்துவிட்டது. "வேகமா வந்து அடிச்சது நீ, வைத்தியச் செலவைக் கொடு" என்கிறார் நாய்க்காரர். "நாயை அவிழ்த்து விட்டது நீ, எனக்குத்தான் நீ கொடுக்கணும்" என்கிறார் பைக்காரர். சட்டம் யார் பக்கம்? அது தெருநாயாக இருந்தால் யாரைக் கேட்பது? இன்சூரன்ஸில் எது வரும், எது வராது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாய்தா:
மோதினார் என்பதற்காக மட்டும் பைக்காரர் குற்றவாளி ஆகமாட்டார். நாய் யார் கைவசம் இருந்தது, அது வெளியே ஓடாமல் இருக்க அவர் என்ன செய்திருந்தார், வண்டி அந்தச் சாலைக்கு ஏற்ற வேகத்தில் வந்ததா என்ற மூன்றையும் பார்த்துத்தான் பொறுப்பைப் பிரிப்பார்கள். இரண்டு பக்கமும் தவறு இருந்தால் பங்கு போட்டுத்தான் தீர்ப்பு வரும். பைக்காரர்மேல் முப்பது சதவீதம் என்றால் அவருக்குச் சேரவேண்டிய இழப்பீட்டில் அந்த அளவு குறையும்.

எந்த நாட்டில் நடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. அதில்தான் பெரிய வித்தியாசமே இருக்கிறது. பிரான்ஸில் உரிமையியல் சட்டத்தின் 1243ஆம் பிரிவு, விலங்கு தப்பி ஓடியிருந்தாலும் உரிமையாளரையே பொறுப்பாளி ஆக்குகிறது. ஜெர்மனியிலும் 833ஆம் பிரிவின்படி வீட்டுச் செல்லப்பிராணி செய்யும் சேதத்துக்கு, உரிமையாளரின் தவறை நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அங்கே மோட்டார் வண்டி ஓடுவதே ஓர் ஆபத்து என்ற கணக்கில் பைக்காரர் தலையிலும் ஒரு பங்கு விழலாம். இங்கிலாந்தில் பெரும்பாலும் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். தவிர, 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி நாய்மேல் மோதினால் நிறுத்தியே ஆகவேண்டும். உரியவரிடம் பெயர், முகவரி கொடுக்க முடியாவிட்டால் கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் ஆடு, மாடு, பன்றி, கழுதை வரைக்கும் உண்டு, பூனை மட்டும் கிடையாது!

இந்தியா என்றால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289). தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இது தண்டனை மட்டும்தான். வைத்தியச் செலவும் வண்டிச் செலவும் வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனால் நாய்க்காரரிடம் வாங்கிக் கொடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது வண்டி ஓட்டியவர், வண்டி உரிமையாளர், அவர்களின் காப்பீட்டு நிறுவனம் ஆகியோர்மீது கோரும் இடம்.

மறுபக்கம், "அதிவேகமாக ஓட்டினார்" என்று பைக்காரர்மேல் வழக்குப் போடுவது. அந்தப் பிரிவு மனிதருக்கு வரும் ஆபத்தைப் பற்றியது, விலங்குக்குப் பொருந்தாது என்று கர்நாடக உயர் நீதிமன்றமும் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2022இல் சொல்லிவிட்டன. பம்பாய் வழக்கில் தெருநாய்மேல் மோதிய உணவு டெலிவரி இளைஞர்மேல் போட்ட எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ததோடு, அரசுக்கு இருபதாயிரம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார்கள். ஆனால் வேண்டுமென்றே ஏற்றினால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

தெருநாய் என்றால் உள்ளாட்சியைத்தான் கேட்க வேண்டும். கருத்தடை, தடுப்பூசி எல்லாம் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் பொறுப்பு. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், தெருவிலங்குகளால் வரும் விபத்துகளுக்கு இழப்பீடு தர மாவட்ட அளவில் குழு அமைக்கச் சொன்னது. அதில் வரும் "ஒரு பல் தடத்துக்குப் பத்தாயிரம்" நாய் கடித்ததற்கான கணக்கு. பைக் விழுந்ததற்கு அதைக் காட்டிக் கேட்க முடியாது.

கிளட்ச்_கேபிள்:
வேகம் வேகம்னு எல்லாரும் பேசுறாங்க, கணக்கைப் பாருங்க. 50 கி.மீ. வேகத்துல ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போகும். மூளை சுதாரிச்சு பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடின்னு வெச்சா, பிடிக்கும்முன்னயே 14 மீட்டர் போச்சு. காய்ஞ்ச ரோட்டுல நல்லா பிரேக் பிடிச்சு நிறுத்த இன்னொரு 14. ஆக 28. அதே 30 கி.மீ.ன்னா மொத்தமே 13 மீட்டர்தான். நாய் 10 மீட்டர்ல பாய்ஞ்சா ரெண்டு வேகத்துலயும் மோதல் நடக்கும். ஆனா 30ல வர்றவர் கிட்டத்தட்ட 25க்கு இறங்கியிருப்பார், 50ல வர்றவர் முழு வேகத்துலயே இடிப்பார். "நிறுத்தவே முடியாத தூரம்"னு வாதாடணும்னா டயர் தடம் எங்க ஆரம்பிக்குது, நாய் எங்கிருந்து வந்துச்சு, இந்த ரெண்டையும் அளந்து வைக்கணும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற அமைப்பு) இருக்கிற வண்டியில தடம் சரியா விழாது, அப்போ கேமரா பதிவுதான் கதி.

பெரும்பாலும் ஆளைக் கீழ தள்ளுறது நாய் இல்லை, நாயைத் தப்பிக்கவிட ஹேண்டிலை வெட்டி ஒடிக்கிறது. ஒடிச்சுக்கிட்டே முன் பிரேக்கைப் பிடிச்சா முன்சக்கரம் வழுக்கி ஆள் காலி. வண்டியை நேரா, நிமிர்த்தி வெச்சு ரெண்டு பிரேக்கையும் பிடிங்க. இடிக்கப்போறது உறுதின்னா கடைசி நொடியில முன் பிரேக்கை விட்டுடுங்க. பிரேக் பிடிச்சிருக்கும்போது முன்சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க் முழுசா அமுங்கி எடையெல்லாம் முன்னாடி நிக்கும், அந்த நிலையில இடிச்சா அதிர்ச்சியை வாங்க சஸ்பென்ஷன்ல இடமே இருக்காது. சீட்டுல இருந்து லேசா எழும்பி, கைப்பிடியை இறுக்கிப் பிடிங்க.

துரத்துற நாய் வேற ரகம். அது வண்டி போய்ச் சேரப்போற இடத்தைக் குறி வெச்சு ஓடும். தூரத்துலயே ஒரு கியர் குறைச்சு மெதுவா போய், கிட்ட வந்ததும் ஆக்சிலரேட்டரைத் திருகினா அதோட கணக்கு தப்பும். காலால உதைக்கிறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

விழுந்த வண்டியை அப்படியே ஓட்டிட்டுப் போகாதீங்க. சக்கரம் நேரா இருக்கும்போது ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருந்தா ஃபோர்க் முறுக்கிடுச்சுன்னு அர்த்தம். டிஸ்க் வளைஞ்சிருக்கா, ஏ.பி.எஸ். சென்சார் வயர் அறுந்திருக்கா, பிரேக் லீவர் முழுசா திரும்புதான்னு பாருங்க. முக்கியமா, மட்கார்டுல ஒட்டின முடி, ரத்தம் இதெல்லாம் போட்டோ எடுக்கும்முன்ன வண்டியைக் கழுவிடாதீங்க.

பாலிசி_எண்:
இன்சூரன்ஸ் பகுதியை மட்டும் சொல்கிறேன், இந்தியக் கணக்கில். மூன்றாம் தரப்பு பாலிசி (உங்கள் வண்டியால் பிறருக்கு வரும் இழப்புக்கானது) மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு எதுவும் வராது. சொந்தச் சேதமும் சேர்ந்த முழு பாலிசி என்றால் நாய்மேல் மோதியதும் விபத்துதான், கோரலாம். நிறுவனம் அனுப்பும் சேத மதிப்பீட்டாளர் (சர்வேயர்) பார்ப்பதற்கு முன் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். செலவு சிறியது என்றால் கோராமல் விடுவதே லாபம், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக்கான நோ கிளெய்ம் போனஸ் (எதுவும் கோராதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தால் நாய்க்காரர்மேல் போட்ட வழக்கு அதனால் மட்டும் செத்துப்போகாது. ஆனால் உங்கள் சொந்தச் சேதக் கோரிக்கையை நிறுவனம் மறுக்கலாம்.

உரிமையாளர்–ஓட்டுநருக்கான பதினைந்து லட்சம் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். காரை எலும்பு முறிவுக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவு அதில் வராது, மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும். பின்னால் உட்கார்ந்தவருக்கு அடிபட்டால் வெறும் மூன்றாம் தரப்பு பாலிசியில் பொதுவாக எதுவும் கிடைக்காது. இது தெரியாமல்தான் நிறையப் பேர் குடும்பத்தோடு போகிறார்கள்.

ஈருருளி:
நன்றி. நாய்க்காரர் "அது என் நாயே இல்லை, சும்மா சோறு வைப்பேன்" என்று பல்டி அடித்தால்?

மாட்டாஸ்பத்திரி:
கழுத்துப்பட்டை, தடுப்பூசி வில்லை, உள்ளாட்சி உரிம வில்லை எது இருந்தாலும் முதலில் போட்டோ எடுங்கள். சிப் பொருத்திய நாய் என்றால் கால்நடை மருத்துவர் ஸ்கேனரை வைத்தாலே பதினைந்து இலக்க எண் வரும். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால் பல்டி அங்கேயே நின்றுவிடும். ஆகவே நாயை மருத்துவரிடம் கொண்டு போவது உங்களுக்கும் நல்லது. வலியில் எந்த நாயும் கடிக்கும். துணிப்பட்டையால் வாயைக் கட்டுங்கள், வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ கட்டக்கூடாது. வயிற்றில் கை கொடுத்துத் தூக்காமல் பலகையிலோ விரிப்பிலோ நகர்த்துங்கள். ஈறு வெளுத்திருந்தால், அல்லது விரலால் அழுத்தி விட்டதும் இரண்டு நொடியில் சிவப்பு திரும்பாவிட்டால், உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம், தாமதிக்காதீர்கள். எழுந்து ஓடிய நாய்க்கும் உதரவிதானம் கிழிந்திருக்கலாம், சிறுநீர்ப்பை வெடித்திருக்கலாம்.

ஓட்டியவருக்கு ஒன்று. விழுந்த சிராய்ப்பில் நாயின் எச்சில் பட்டால் அது கடிக்குச் சமம். சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். ரேபிஸ் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படலாம்.

வாய்தா:
சிப்பும் வில்லையும் இல்லாத நாய்க்குச் சாட்சிதான். 291ஆம் பிரிவில் வரும் சொல் "தன் வசம்". பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் வளர்வது, இரவில் கேட்டுக்குள் அடைப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவது, ஊசி போட்ட சீட்டு அவர் பெயரில் இருப்பது எல்லாம் அதற்குச் சான்றாகும். தெருவில் சோறு வைப்பதை மட்டும் காட்டி ஜெயிப்பது கஷ்டம். திறந்துகிடந்த கேட்டை அது சாத்தப்படும் முன் படம் பிடியுங்கள். அவர் "ஐயோ என் நாயி" என்று ஓடிவந்ததைப் பார்த்த இரண்டு பேரின் பெயர், போன் நம்பர் வாங்குங்கள். பக்கத்து வீட்டு சிசிடிவியில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறி சில நாளில் அழிந்துவிடும், அன்றைக்கே நகல் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் எந்தக் கேமரா, எந்த நேரம் என்று புகாரில் எழுதி, பதிவை எடுத்து வைக்கச் சொல்லி போலீஸிடம் கேளுங்கள். அங்கேயே நின்று "சரி, நான் பார்த்துக்கிறேன்" என்று எதிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம், பணம் கைமாற்றவும் வேண்டாம். சமரசம் என்றால் முழு வைத்தியச் செலவும் தெரிந்த பிறகு, இரு தரப்புக் கோரிக்கையும் இதோடு தீர்ந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.