சாண்டா கிளாராவில் ரெண்டாவது காருக்கு பதிலா இ-பைக், சரிப்படுமா?

புதுசா_வந்தவன்: வீட்ல ஒரு கார்தான், அத வைஃப் எடுத்துட்டு போயிடறாங்க, எனக்கு ஆபீஸ் கிட்டக்கதான், இன்னொரு கார் வாங்கினா இன்சூரன்ஸ் அது இதுன்னு எகிறுது. இ-பைக்குக்கு லைசென்ஸ் வேணுமா? எல் கமினோ ரோட்ட பாத்தாலே பயமா இருக்கு.

மிதிவண்டி_மாமா: லைசென்ஸ் வேணாம் தம்பி. கலிபோர்னியால இ-பைக்க மூணு கிளாஸா பிரிச்சிருக்காங்க, 1, 2 ரெண்டுலயும் 20 மைல் வேகத்துல மோட்டார் நின்னுடும், 3 மிதிக்க மிதிக்க 28 வரைக்கும் போகும் ஆனா ஹெல்மெட் கட்டாயம். எல் கமினோ பக்கமே போகாதப்பா, சான் டோமஸ் அக்வினோ ட்ரெயில்னு சைக்கிள் பாதை இருக்கு, அத புடிச்சா லீவைஸ் ஸ்டேடியம் வரைக்கும் ரோடுங்களுக்கு அடியில பூந்து போயிடலாம். மழைல அந்த அண்டர்பாஸ்ல தண்ணி நிக்கும், அன்னிக்கு வேற வழி பாத்துக்கணும்.

கார்_பிரியன்: காஸ்ட்கோ அரிசி மூட்டைய தலைல வச்சுட்டு வருவீங்களா 😂

வாட்_அவர்: அதான் ஒரு கார் இருக்கே சார், சனிக்கிழமை அதுல போகட்டும். பைக்குக்கு யூஎல் 2849 (பேட்டரி, மோட்டார், சார்ஜர் எல்லாம் சேத்து பாக்கற பாதுகாப்பு சர்டிபிகேட்) இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க, மலிவு பேட்டரி தீப்பிடிக்கலாம். 500 வாட்-அவர் பேட்டரின்னா ஃபுல் சார்ஜுக்கு அரை யூனிட் சொச்சம் கரண்ட்தான். திருட்டுதான் பெரிய தலைவலி, நல்ல யூ-லாக் போடுங்க.

புதுசா_வந்தவன்: ஆபீஸ் உள்ள பேட்டரிய கழட்டி எடுத்துட்டு போக விடுவாங்களா?