செவலைச் சேவலுக்கும் வரிக்கோழிக்கும் கருப்புக் குஞ்சு பிறக்குமா?

கேள்வி (பள்ளத்தூர்):
வணக்கம். பின்கட்டில் கொஞ்சம் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். சேவல் நல்ல செவலை. அடை வைத்த முட்டைகள் எல்லாம் சந்தையில் வாங்கிய வரிக்கோழி இட்டவை. அதற்கு உடம்பு முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாகக் கோடு. பொரித்த குஞ்சுகளில் ஒன்றைத் தவிர எல்லாமே கருப்பு! சிலவற்றுக்கு உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கிறது. மிச்சமுள்ள அந்த ஒரு குஞ்சு வெள்ளையாக இறகு விடுகிறது. முட்டை மாறிவிட்டது என்று வீட்டில் பேச்சாகி, பக்கத்து வீட்டு அக்கா மேல் பழி விழுகிறது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. வீட்டில் பிறந்த செவலைச் சேவலைக் கருப்பருக்கு விடுவதாக அம்மா வேறு நேர்ந்திருக்கிறார். இது எப்படி ஆனது? செவலைக் குஞ்சு கிடைக்க என்ன செய்யலாம்?

பதில் (தேவகோட்டை):
தங்கச்சி, முதலில் அந்த அக்காவிடம் போய் நல்லபடியாகப் பேசிவிடுங்கள். கருப்புக் குஞ்சுகள் உங்கள் கோழியுடையவைதான்.

வரிக்கோழியின் அடிநிறமே கருப்பு. அதன் மேல் கோடு போடுவது வேறொரு மரபணு. கருப்பு செவலையை அமுக்கிவிடும், அதனால்தான் அப்பா செவலையாக இருந்தும் எல்லாம் கருப்பாக வந்திருக்கின்றன. கோட்டின் கதை தனி. அந்த மரபணு இசட் என்ற பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட், கோழிக்கு ஒன்றுதான். தாய் தன் ஒரே இசட்டை மகனுக்கு மட்டுமே கொடுக்க முடியும். மகளுக்கு இசட் வருவது தகப்பனிடமிருந்து, உங்கள் சேவலிடமோ கோடு கிடையாது. குஞ்சில் அந்தக் கோட்டு மரபணுவின் அடையாளம்தான் தலைப்பொட்டு. ஆக, தலையில் பொட்டு உள்ளவை சேவல் குஞ்சுகள், இறகு முளைக்க முளைக்கக் கோடு தெரியும். பொட்டு இல்லாதவை பெட்டைகள். அவை கருப்பாகவே வளரும், சிலவற்றுக்குக் கழுத்தில் கொஞ்சம் செவலை ஓடும்.

பெற்றோரின் குணம் பிள்ளைகளுக்கு எப்படி இறங்குகிறது என்று சொல்லும் மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-ல் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். நம் வீட்டு முற்றத்தில் அதே பாடம் நடக்கிறது என்பதில் எனக்குத் தீராத சந்தோஷம்.

வெள்ளைக் குஞ்சைப் பற்றி ஒன்று கேட்கணும். இறகில் கருப்புத் துளிகள் இருக்கின்றனவா? இதற்கு முன்னால் வேறு சேவல் இருந்ததா?

பள்ளத்தூர்:
ஆமாம் அண்ணே, அங்கங்கே மை தெளித்ததுபோல் இருக்கிறது. முன்பு ஒரு வெள்ளைச் சேவல் இருந்தது. அதைக் கொடுத்த அடுத்த வாரமே முட்டை சேர்க்க ஆரம்பித்தோம்.

தேவகோட்டை:
அப்போ அது பழைய சேவலின் பிள்ளையாகத்தான் இருக்கும். கோழியின் உடம்புக்குள் விந்து இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு தங்கும். வெள்ளை லெகார்ன் என்ற கோழி இனத்தின் வழியில் வரும் வெள்ளை, கருப்பை மறைக்கிற வகை. ஒரு பங்கு மட்டும் வந்தால் இப்படிக் கருப்புத் துளிகள் தப்பித்து வெளியே தெரியும். இன்னொரு வகை வெள்ளை உண்டு, அது தாய் தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்து நாலில் ஒன்றாக வெளிவரும். அதில் பெரும்பாலும் துளி இருக்காது. சேவலை மாற்றினால் மூன்று வாரம் கழிந்த பிறகே அடைக்கு முட்டை எடுங்கள்.

பதில் (கானாடுகாத்தான்):
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் வரிக்கோழி இருக்கிறது. பொட்டு வைத்தே ஒவ்வொரு ஈட்டிலும் சேவலையும் பெட்டையையும் பிரிக்கலாமா? இந்த வரிச்சேவலையே வளர்த்து இணை சேர்த்தால்?

தேவகோட்டை:
அங்கேதான் கணக்கு மாறும், தம்பி. கோடில்லாத சேவல், வரிக்கோழி என்ற ஜோடிக்குத்தான் பொட்டு கைகொடுக்கும். வரிச்சேவலைக் கருப்புப் பெட்டையோடு விட்டால் ஆண், பெண் இரண்டிலும் பாதிப் பாதி கோடு வரும். பொட்டைப் பார்த்துப் பயனில்லை. குஞ்சுத்தூவி கருப்பாக இருந்தால்தான் பொட்டு பளிச்சென்று தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தங்கச்சி, நேர்த்திக்கு வருகிறேன். இருக்கிற சேவலோடு ஒரு செவலைப் பெட்டையைச் சேர்ப்பதுதான் சுருக்கு வழி. அமுக்குகிற கருப்பு இரு பக்கமும் இல்லாததால் கருப்புக் குஞ்சு வராது. செவலைப் பெட்டை கிடைக்காவிட்டால், இப்போதுள்ள கருப்பு வெடைகள் முட்டையிடும் வரை பொறுங்கள். அவற்றுக்குள் அப்பாவின் செவலை ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து வேறொரு செவலைச் சேவலைக் கொண்டுவந்தால் ஏறக்குறைய பாதிக் குஞ்சுகள் செவலைப் பக்கம் வரும், கோடும் வராது. தகப்பனோடு மட்டும் சேர்க்க வேண்டாம், ரத்தம் நெருங்கினால் பொரிப்பு குறையும்.

பள்ளத்தூர்:
கண்டனூரில் சித்தப்பா வீட்டில் செவலைப் பெட்டை இருக்கிறது, கேட்டு வாங்கிவிடுகிறேன். ஆனால் அங்கே அது கருப்புச் சேவலோடு மேய்கிறது.

தேவகோட்டை:
அப்படியானால் கொண்டுவந்ததும் உங்கள் சேவலோடு தனிப் பஞ்சாரத்தில் போடுங்கள். முதல் மூன்று வாரத்து முட்டையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடைக்கு அதற்கப்புறம் இடுவதுதான்.